ரெண்டு வீட்டுத் தண்ணி

வாங்க மேஸ்திரி, இப்படி நிழல்ல உக்காருங்க. சிமெண்டுப் பையை அந்த ஓரமா வைங்க. வேலை எங்கயும் ஓடிப் போயிறாது. மொதல்ல இதைக் குடிங்க. கம்மங்கூழ். மோர் ஊத்தி, சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு, இப்பத்தான் கரைச்சேன். கரண்டி போட்டுக் கலக்குறவ நான் இல்ல. கையை உள்ள விட்டு, உருண்டையை நசுக்கி நசுக்கி, கட்டி தட்டாமக் கரைக்கணும். அப்பத்தான் அது கூழு. இல்லேன்னா சுவத்துல போஸ்டர் ஒட்டத்தான் ஆகும். எப்படி இருக்கு? ம். எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. சோலையம்மா கைமணம் யாருக்கும் வராதுன்னுவாங்க.

வேலை சின்ன வேலைதான். வாசல்ல மூடி போட்ட சாக்கடைச் சேம்பர் தெரியுதுல்ல? அதுக்குள்ள ரெண்டு குழாய் வந்து விழுகும். ஒண்ணு எங்க வீட்டுது. இன்னொண்ணு பக்கத்து வீட்டுது, சுவத்துக்கு அடியில வருது. அந்தப் பக்கத்து வீட்டுக் குழாயை அடைக்கணும். செங்கல் வச்சு, சிமெண்ட் பூசி, ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வராம அடைச்சிரணும். வம்பு வருமோன்னு யோசிக்காதீங்க. சேம்பர் எங்க வீட்டுக்காரர் பேருல இருக்கு. அந்த வீட்டுல இப்ப ஆளும் இல்ல.

நீங்க ஏன் எதுக்குன்னு கேக்கல. ஆனா நான் சொல்லிருறேன். இந்தத் தெருவுலயே ஒரு கொத்தனார் இருக்கான், அவனைத்தான் மொதல்ல கூப்பிட்டேன். "லூர்தக்கா வீட்டுக் குழாயை நான் அடைக்க மாட்டேன்"னு திரும்பிப் பாக்காமப் போயிட்டான். ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டவன். நீங்களும் அரைகுறையா நாலு பேரு பேசுறதைக் கேட்டுட்டுப் போகக் கூடாது பாருங்க.

லூர்துமேரின்னு பேரு. பேருக்குத்தான் பக்கத்து வீடு. அவ வீட்டுக் குழம்பு எங்க வீட்டுக்கு வரும், எங்க வீட்டு ரசம் அவ வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போனா எனக்கும் ஒரு சேலை எடுப்பா. பொங்கலுக்குப் பானை வாங்கினா நான் அவளுக்கும் சேத்து வாங்குவேன். எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் மகன் துபாய்க்குப் போயிட்டான். நான் ஒருத்திதான் இந்த வீட்டுல. ராத்திரி ஒரு இருமல் இருமினா போதும், சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து "என்னக்கா, வெந்நி வச்சுத் தரவா"ம்பா. அப்படிப்பட்டவ.

பாதாளச் சாக்கடை போட வந்தாங்கல்ல, அப்ப வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் எடுக்கச் சொன்னாங்க. லூர்து வீட்டுல அன்னைக்குத் தோது இல்ல. அவ புருஷனுக்கு மில்லுல வேலை போயிருந்துச்சு. அவ பாட்டுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா. நான்தான் சொன்னேன். "எதுக்குடி தனியா? எங்க சேம்பர்லயே உன் குழாயையும் விடு. ரெண்டு வீட்டுச் சாக்கடை ஒண்ணாப் போனா ஊரு கெட்டாப் போயிரும்?" அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டா. முனிசிபல் ஆபீஸ் படத்துல இந்தச் சேம்பருக்கு ஒரு வீடுதான். திருட்டுத்தனமாத்தான் சேத்தோம். அவளுக்காகத்தான் செஞ்சேன். கூடப் பொறந்தவ செய்வாளா மேஸ்திரி?

இந்தச் சித்திரையில ஒரு நாள், வாசத் தெளிக்கப் போறேன். தெருமுக்குல பெரிய மூடி இருக்குல்ல, அதுக்குள்ளருந்து ஒரு நூல் கயிறு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. என்னடா இதுன்னு பிடிச்சு இழுத்தேன். உள்ள வெள்ளைத் துணி. நல்லா மடிச்சு, உருட்டி, இறுக்கிக் கட்டி, சாக்கடைக்குள்ள தொங்கவிட்டிருக்கு. செய்வினைதான், வேற என்ன? பஸ் ஸ்டாப்புல புதுசா ஜூஸ் கடை போட்டான் ஒருத்தன். என் கூழு வியாபாரம் ஓடுறது பொறுக்காம வச்சுட்டான்னு நினைச்சேன். லூர்தைக் கூப்பிட்டேன். அவ மாதா கோயில் தீர்த்தத்தைக் கொண்டாந்து தெளிச்சு ஜெபம் பண்றா. நான் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி அந்த மூட்டையைக் கொளுத்திட்டேன். தெருவே நின்னு பாத்துச்சு.

மறுநாள் ஸ்கூட்டியில ஒரு பொண்ணு வந்து அதே மூடியைத் தூக்கி எட்டி எட்டிப் பாக்குது. "ஆன்ட்டி, இங்க ஒரு துணி கட்டியிருந்தேன், பாத்தீங்களா?"ங்குது. நீதான் வச்சியாடின்னு முந்தானையைச் செருகிக்கிட்டுப் பாஞ்சேன். லூர்துதான் என் இடுப்பைப் பிடிச்சு இழுத்தா. அப்புறம் விசாரிச்சா, அது லேபுல வேலை பாக்குற பொண்ணு. நிலோபர்னு பேரு. ஊருல டைபாய்டு பரவுதாம். அது எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் துணியைத் தொங்கவிடுறாங்களாம்.

அது சொன்னதை அப்படியே சொல்றேன். ஊருல ஒவ்வொருத்தரா ஊசி குத்தி ரத்தம் எடுக்க முடியுமா? முடியாது. ஆனா எல்லாரு வீட்டுக் கக்கூஸ் தண்ணியும் சாக்கடைக்கு வந்துதானே ஆகணும். நோய் இருக்குறவங்க வயித்துக் கிருமி அதுல கலந்து வரும். துணி ஒரு ரெண்டு நாள் ஓடுற தண்ணியில கிடந்தா அதுல ஒட்டிக்கும். எடுத்துட்டுப் போய் லேபுல பாத்தா, எந்தப் பக்கம் நோய் இருக்குன்னு தெரிஞ்சிரும். காய்ச்சல்காரன் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே சாக்கடை சொல்லிருமாம். எனக்கு ஆச்சரியமாப் போச்சு. செய்வினைன்னு கொளுத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டு, ஒரு சொம்பு கூழு கரைச்சுக் குடுத்தேன். நல்ல பொண்ணு, ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிக் குடிச்சுச்சு.

அதுக்கப்புறம் அது வந்தா நான்தான் கூடப் போவேன். எந்த மூடி எங்க இருக்கு, எது தாருக்கு அடியில போயிருச்சு, எல்லாம் நான்தான் காட்டினேன். மொதல்ல ஊருக்கு வெளிய சாக்கடைப் பம்பு ரூம்ல பாத்துச்சு, அங்க கிருமி இருக்கு. மார்க்கெட் லைன்ல பாத்துச்சு, இல்ல. நம்ம லைன்ல இருக்கு. பள்ளிவாசல் தெருவுல இல்ல, நம்ம தெருவுல இருக்கு. இப்படியே மூடி மூடியா மேல ஏறி வருது. எனக்கும் லூர்துக்கும் ஒரே வேடிக்கை. அந்தக் கடைசி வீட்டு வாத்தியாரா இருக்கும்னு அவ சொல்றா. மாடிவீட்டுக்காரிதான், அவ கையே கழுவ மாட்டான்னு நான் சொல்றேன். உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம் மேஸ்திரி.

ஒரு நாள் அந்தப் பொண்ணு வந்து, குடுத்த கூழைத் தொடாம அப்படியே வச்சிருக்கு. சேர் நுனியில உக்காந்துக்கிட்டு, "ஆன்ட்டி, உங்க சேம்பர்ல இருக்கு"ங்குது. முன்னாடி வீட்டுல இல்ல, பின்னாடி வீட்டுல இல்ல, இதுல மட்டும் திரும்பத் திரும்ப வருதுங்குது. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. ஏம்மா, என்னைப் பாரு, எனக்கு என்ன காய்ச்சலா, தலைவலியான்னு கேட்டேன். அதுக்கு அது சொல்லுது, காய்ச்சல் இருக்கணும்னு இல்லையாம். எப்பவோ டைபாய்டு வந்து குணமானவங்க சில பேரு உடம்புக்குள்ள அந்தக் கிருமி தங்கிருமாம். பித்தப்பையில கல்லு இருந்தா அதுல போய் ஒட்டிக்கிட்டு வருஷக்கணக்கா இருக்குமாம். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. அவங்க கைபட்ட சாப்பாட்டுல போய் அடுத்தவங்களைப் படுக்கப் போட்டுருமாம். காய்ச்சல் வந்தவங்களை விசாரிச்சதுல நிறையப் பேரு இங்க கூழு குடிச்சவங்கதானாம்.

இந்த ஏரியாவுல என் கூழு குடிக்காதவன் யாரு? அப்படிப் பாத்தா ஊரே படுத்திருக்கணும்ல? எனக்கு வந்துச்சே கோவம். "இந்தாம்மா, சேம்பர் என் வாசல்ல இருக்குங்கிறதுக்காக என் தலையில கட்டாத. இதுல ரெண்டு வீட்டுத் தண்ணி வருது. அந்த வீட்டையும் போய்க் கேளு"ன்னுட்டேன். லூர்து அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா. கையில முருங்கைக்கீரை வச்சு ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தவ, அப்படியே நிறுத்திட்டா. அப்புறம் மெதுவா, "ஆமாம்மா, எங்க வீட்டுத் தண்ணியும் இதுலதான் போகுது"ன்னா. எப்படியோ திருட்டு கனெக்‌ஷன் விஷயம் ஆபீஸுக்குப் போயி, ஆள் வந்து அவ புருஷனைச் சத்தம் போட்டுட்டுப் போனான். அதுக்கு அவ என்னை ஒரு வார்த்தை கேக்கல. எப்படிக் கேப்பா? உள்ளதைத்தானே சொன்னேன். இத்தனை வருஷம் சும்மா விட்டவ நான்.

நிலோபர் ரெண்டு வீட்டுக்கும் டப்பா குடுத்துச்சு. காலையில போறதுல கொஞ்சம் அதுல எடுத்துக் குடுக்கணுமாம், சோதிச்சுப் பாக்க. லூர்து வீட்டுல அவ, அவ புருஷன், மகன், மருமக, எல்லாரும் வரிசையாக் குடுத்துட்டாங்க. வெக்கமில்லாம. எங்கிட்டயும் ஒரு டப்பாவை நீட்டுச்சு. கூழு ஊத்தின கைக்கு இதுதான் மரியாதையாம்மான்னு கேட்டு, வாங்கித் தெருவுல வீசிட்டேன். அவங்க வீட்டுது எல்லாம் சுத்தம்னு வந்துச்சாம். வரும், வரும். லேபுல எதுவும் மாறாதாக்கும்? போன வருஷம் என் வயித்துவலிக்கு ஸ்கேன் எடுத்தவன் கல்லு இருக்குன்னான். ஆபரேசன் பண்ணணும்னான். நான் சீரகத் தண்ணி குடிச்சே சரிபண்ணிட்டேன். அவங்க சொல்றதையெல்லாம் கேட்டா முடியுமா? இன்னும் கொஞ்சம் ஊத்தவா மேஸ்திரி? வேணாமா? நல்லாத்தானே குடிச்சீங்க.

அந்த நேரம் பாத்து லூர்து பேத்திக்குக் காய்ச்சல் வந்துருச்சு. ஆக்னஸுன்னு பேரு. ஒண்ணாவது படிக்கிறா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா அவ வீட்டுக்குப் போக மாட்டா, பையோட நேரா இங்கதான். "சோலையாச்சி, கூழு"ன்னு மடியில வந்து உக்காருவா. நான் கையால ஊட்டி விட்டாத்தான் இறங்கும் அதுக்கு. அந்தப் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. டைபாய்டு. நான் மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சு வச்சேன். இப்ப நீங்க சொல்லுங்க, நோயி யாரு வீட்டுல இருந்திருக்கு? அவ வீட்டுப் பிள்ளைக்குத்தானே வந்துச்சு, எனக்கா வந்துச்சு? இதைச் சொன்னா நிலோபர், பாப்பா படுக்குறதுக்கு முன்னாடியே துணியில வந்துருச்சு ஆன்ட்டிங்குது. பாப்பா ஆஸ்பத்திரியில கிடக்குறப்பவும் வருதுங்குது. எதைச் சொன்னாலும் ஒரு பதில் வச்சிருக்கு.

அப்பத்தான் மேஸ்திரி அது கேட்டுச்சு. "ஆன்ட்டி, உங்க மகன் பிறந்த வருஷம் உங்களுக்குப் பெரிய காய்ச்சல் வந்துச்சாமே. முடியெல்லாம் கொட்டிப் போச்சாமே. ஸ்கேன்லயும் கல்லு இருக்குன்னு சொன்னாங்களாமே. லூர்து ஆன்ட்டி சொன்னாங்க."

அந்தக் காய்ச்சல் வந்தப்ப என் மாமியாளே வாசப்படி தாண்டல. என்னைப் பெத்தவ ஊருல இருந்து வரல. லூர்துதான் வந்தா. என் பிள்ளைக்கு அவ பால் குடுத்தா. எனக்குக் கஞ்சி வடிச்சு வாயில ஊத்தினா. நான் எந்திரிக்க முடியாமக் கிடந்தப்ப பீத்துணி கசக்கினது அவ கைதான். அந்தக் காய்ச்சல் இப்ப இந்த ஊருல இன்னொரு ஆளுக்குத் தெரியாது. ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவதான். கூட இருந்து பாத்ததையெல்லாம் மனசுக்குள்ள எழுதி வச்சுக்கிட்டு, அந்தப் பொண்ணுகிட்டப் போய் ஒப்பிச்சுட்டாளே. எதிரி சொல்லியிருந்தா நான் தூசியா நினைச்சிருப்பேன். இவ சொன்னதைத்தான் தாங்க முடியல.

போய்க் கேட்டேன். நல்லா இருப்பியாடின்னு கேட்டேன். "பிள்ளை கிடக்குற கிடையைப் பாத்தேன்க்கா. எனக்கு வேற வழி தெரியல. ஒரு டப்பாதானேக்கா. இருந்தா மாத்திரை குடுப்பாங்க, சாப்பிட்டாச் சரியாப் போகும்னு அந்தப் பொண்ணு சொல்லுது"ன்னா. என்னமோ எனக்கு நல்லது சொல்ற மாதிரி. ஏன்டி, நான் டப்பாவைக் குடுத்தா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதான்னேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அப்பவும் எனக்கு மனசு கேக்கல. பிள்ளை என்ன பாவம் செஞ்சுச்சு? விடியக்காலையில எந்திரிச்சு, கூழை நல்லா நீர்க்கக் கரைச்சு, தூக்குவாளியில ஊத்தி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை என்னைப் பாத்ததும் கையை நீட்டுச்சு. வாயெல்லாம் வெடிச்சுப் போய்க் கிடக்கு. நான் தூக்கைத் திறந்து ஒரு கை எடுத்தேன். லூர்து வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சா. தூக்கை வாங்கிட்டுப் போயி வாஷ்பேசின்ல கவுத்து, குழாயைத் திறந்து விட்டுட்டா. பிள்ளை அழுகுது. பக்கத்து பெட்டுக்காரங்க எல்லாம் பாக்குறாங்க. அப்புறம் சோப்பை எடுத்து என் கையில குடுத்தா. "கழுவிட்டு வந்து பிள்ளையைத் தொடு அக்கா"ன்னா. நான் சோப்பைப் போட்டுட்டு வந்துட்டேன். பஸ் ஏறல. நடந்தே வந்தேன்.

அதுல இருந்து இந்தத் தெருவுல ஒருத்தரும் கூழு குடிக்க வர்றதில்ல. முந்தியெல்லாம் மத்தியானத்துக்குள்ள பானையைக் கவுத்திருவேன். இப்பக் கரைச்சு வச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நிலோபர் வந்து, டப்பா குடுக்குற வரைக்கும் கரண்டியிலயாவது கலக்குங்க ஆன்ட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கன்னு சொல்லிட்டுப் போகுது. கரண்டியில கலக்கவா நான் இத்தனை வருஷம் பேரு வாங்கினேன்? இன்னைக்கு நீங்கதான் மேஸ்திரி மொத ஆளு.

பிள்ளைக்குத் தேவலையாயிருச்சு. கடவுள் புண்ணியம். அதைக் கூட்டிக்கிட்டு லூர்து குடும்பத்தோட அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போறப்ப இந்தச் சுவத்துக்கிட்ட நின்னா. நான்தான் வேணும்னே சத்தமாச் சொன்னேன், உன் குழாயை அடைக்கப் போறேன், இனிமே உன் வீட்டு அழுக்கு என் வாசல் வழியா போகக் கூடாதுன்னு. சண்டைக்கு வருவான்னு பாத்தேன். அவ, "அடைச்சிரு அக்கா. சீக்கிரம் அடைச்சிரு. அப்புறமாவது அந்த டப்பாவைக் குடு"ன்னா. பாத்தீங்களா திமிரை? மடியில கனம் இல்லாதவளா இருந்தா, ஏன் அடைக்கிறன்னு கேட்டிருக்க மாட்டாளா?

அதான் உங்களைக் கூப்பிட்டேன். நல்லா இறுக்கமா அடைங்க. அடைச்சதும் நிலோபர் வந்து இதுலயே துணியைத் தொங்கவிடும், நான் சொல்லி வச்சிருக்கேன். இனிமே இந்தச் சேம்பர்ல விழுகுறது என் வீட்டுத் தண்ணி மட்டும்தான். என் ஒருத்தியோடது. அப்பத் தெரிஞ்சிரும்ல, யாரு வீட்டுல இருந்துச்சுன்னு. தெருவுல அத்தனை பேரையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லச் சொல்லுவேன்.

என்ன? என்ன கேட்டீங்க? அப்பவும் இருக்குன்னு வந்தாவா?

வராது.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. எல்லாத்தையும் அந்தப் பொண்ணுகிட்ட ஒப்பிச்ச லூர்து, ஒண்ணை மட்டும் சொல்லல. ஏன் விட்டான்னு எனக்குத் தெரியல. எங்க வீட்டுக்காரர் போனாருன்னு சொன்னேன்ல. அதுவும் காய்ச்சல்தான். நாள்பட்ட காய்ச்சல், குடல்ல ஓட்டை விழுந்துருச்சுன்னு டாக்டரு சொன்னாரு. டைபாய்டுன்னுதான் சீட்டுல எழுதியிருந்துச்சு. வெளிய எங்கயோ கண்ட தண்ணியைக் குடிச்சிருப்பாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா அந்த மனுசன் வெளிய பச்சைத்தண்ணி குடிக்க மாட்டாரு மேஸ்திரி. கல்யாணத்துக்குப் போனாக்கூட வீட்டுக்கு வந்துதான் சாப்பிடுவாரு. நான் கரைச்சுக் குடுத்தாத்தான் அவருக்குத் தொண்டையில இறங்கும். கடைசியா ஆஸ்பத்திரியில கிடந்தப்பக்கூட என் கையால ரெண்டு வாய் குடிச்சிட்டுத்தான் கண்ணை மூடினாரு.

அதனால வராது. வரக் கூடாது. நீங்க கலவையைப் போடுங்க.